அளக்காமல் விட்ட கோணம்

என் தம்பி நாலு வருடமாக எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை. ஸ்கூட்டரைக்கூடத் தொடுவதில்லை. இரண்டு பஸ் மாறி ஒரு கிடங்குக்குப் போய், நாள் முழுக்க உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு, மறுபடி இரண்டு பஸ் மாறி வீடு திரும்புகிறான். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "நம்ம கைக்கு ஸ்டீயரிங் ராசியில்லைங்க" என்று சிரித்துவிடுவான். அவன் அப்படிச் சிரிக்கும்போது நானும் பலமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். நின்று, பேச்சை மாற்றியிருக்கிறேன்.

அவன் கடைசியாக ஓட்டிய வண்டி சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. இன்றைக்கும் அவள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள். தன் கை சரியில்லாததால்தான் அவள் இடுப்பு உடைந்தது என்று தம்பி நம்பினான். அப்படி நம்பவைத்தவன் நான்.

அந்த வண்டியைக் கட்டிக்கொடுத்தவனும் நான்தான். என் தொழில் அது. கல்லும் சேறுமான பாதைகளில் போகிறவர்கள் தங்கள் ட்ரக்கைக் கொண்டுவந்து என் பட்டறையில் விடுவார்கள். சக்கரங்களைத் தாங்கும் அதன் மெல்லிய ஆக்சில்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய சரக்கு வண்டியின் தடித்த ஆக்சில்களைக் கீழே கொடுப்பேன். ஸ்பிரிங்கை மாற்றி, உடம்பை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, இடுப்பளவு டயர் மாட்டி அனுப்புவேன். இருபத்தெட்டு வருட அனுபவம். கோபம் மூக்குக்கு மேல் வரும். எனக்குத் தெரியாததை யாராவது கேட்டால் எரிந்து விழுவேன். தெரிந்ததைக் கேட்டாலும் எரிந்துதான் விழுவேன் என்பதால், எது தெரியும் எது தெரியாது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி அப்போது ஆற்று நீரின் அளவு எடுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைகளில் போகிற வேலையில் இருந்தான். நன்றாக ஓட்டுவான். இதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். கூட வருகிறவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள். வேலைக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று பழைய நீல ட்ரக் ஒன்றை வாங்கி வந்து, என் பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தான். எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாததாண்ணா" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஐந்து வாரம் வேலை பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முன் ஆக்சிலில் வந்துதான் சிக்கினேன்.

வண்டியைத் தூக்கினால் ஒரு சங்கடம் வரும். நடுவிலிருந்து முன் ஆக்சிலுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதிகமாகச் சரிந்துவிடும். அதன் ஜாயின்ட் ரொம்ப மடங்கி, ஓடும்போது உறுமும். அதை நிறுத்த ஒரு சுலப வழி உண்டு. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஓர் இரும்பு ஆப்பைச் செருகி, ஆக்சிலையே ஷாஃப்டைப் பார்த்து அண்ணாந்த மாதிரித் திருப்பிவிடலாம். அரை நாள் வேலை. உறுமல் நின்றுவிடும். ஆனால் அப்படிச் செய்தால் வேறொன்று கெடும். சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு, கேஸ்டர் என்போம். ஆக்சிலை அண்ணாந்து திருப்பினால் அந்தச் சாய்வு கரைந்துவிடும். அப்புறம் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேரே வராது. வேகமாகப் போகும்போது ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். வேகம் அடங்குகிறவரை எந்த மனிதன் கைக்கும் அது கட்டுப்படாது.

இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆக்சிலின் இரு முனைகளிலும் பற்றவைப்பை அறுத்து, சக்கரம் மாட்டுகிற பகுதியை மட்டும் சாய்வு வருகிறவரை திருப்பி, மறுபடி பற்றவைக்க வேண்டும். என்னுடைய வெல்டர் அதில் கெட்டிக்காரன். எதற்கும் அவசரப்படமாட்டான் என்பதால் பட்டறையில் எல்லோரும் அவனை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அன்றைக்கே சொன்னான், நாலு நாள் கொடுங்கண்ணே, அறுத்துத் திருப்பிடலாம் என்று. நீ நாலு நாள் என்றால் அது நாற்பது நாள் என்று நான் அவன் வாயை அடைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு வண்டிக் கண்காட்சி இருந்தது. தம்பி ட்ரக்கைப் பட்டறைப் பெயர்ப் பலகையோடு அங்கே நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. தம்பிக்கு அவசரமே இல்லை. அவன் இன்னும் ஒரு மாதம் ஆனாலும் காத்திருப்பான். அவசரம் முழுக்க எனக்குத்தான்.

ஆப்பைச் செருகினேன். உறுமல் நின்றது. கோணம் பார்க்கும் கருவி மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, இழுத்தால் வந்துவிடும். எந்த வண்டிக்கும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். இந்த ஒரு வண்டிக்கு அளக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அளந்தால் தெரிந்துவிடுமே என்றுதான் அளக்கவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டீயரிங்கில் ஒரு தடித்த டேம்பரை மாட்டினேன். அது உதறலை அமுக்கிப் பிடிக்கும் சாதனம், அவ்வளவுதான். இருமுகிறவன் வாயைக் கையால் பொத்துவது போன்ற வைத்தியம்.

கண்காட்சியில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஆக்சிலுக்கு அடியில் படுத்துப் படம் எடுத்தார்கள். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கிற ஒரே படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தான். வண்டி பிரமாதம், ஆனால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மாட்டேன் என்கிறது, நேர் ரோட்டில்கூட அங்கே இங்கே அலைகிறது என்றான். புது டயர், ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்று அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். இரண்டு வாடிக்கையாளர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தம்பி குனிந்து, மெதுவான குரலில், ஒரு பாலத்து மேட்டில் ஏறியபோது முன்பக்கம் கொஞ்சம் உதறியது, ஒருமுறை பார்த்துவிடேன் என்று கேட்டான். அவன் அவ்வளவு மெதுவாகக் கேட்டது எனக்காகத்தான், மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்று. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் அடியிலிருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்லடா. கோளாறு உன் கையில. பெரிய டயர்னா ஆம்பளையாப் பிடிச்சு ஓட்டணும்."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மூலையில் நிதானம் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைக் கேட்டேன். தம்பி மூன்றாவது முறை வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அது நடந்தது. தம்பியும் அவன் மனைவியும் ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல தார்ச் சாலை, பகல் வெளிச்சம், கொஞ்சம் இறக்கம். சாலையை ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் உதறத் தொடங்கியிருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கும் ஏதாவது உடைந்திருந்தால் தேவலை என்று அவனே ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மருத்துவமனையில் அவர்கள் மகள் பள்ளிச் சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தம்பி என்னைப் பார்த்ததும், "நான்தாண்ணா விட்டுட்டேன். கை தாங்கல" என்றான். அந்த நேரத்தில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, விடு, நடந்தது நடந்துபோச்சு, இனிமேலாவது ஜாக்கிரதையா இரு என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி பேசினேன். மறுநாள், படுக்கையில் கிடந்த தம்பி மனைவி, வண்டியில் ஏதாவது கோளாறு இருந்திருக்குமா மாமா என்று என்னிடமே கேட்டாள். வண்டி கல்லு மாதிரிம்மா, நான் கட்டினது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உண்மையில் எனக்குச் சந்தேகம் இருந்ததா? இருந்தது. ஆனால் அதை நான் கிட்டே நெருங்கவிடவில்லை. கவிழ்ந்த வண்டியைப் பழைய வண்டி வியாபாரி ஒருவர் வந்து இழுத்துப் போனார். போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமாண்ணே என்று நிதானம் கேட்டான். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். நாலு வருடம் அப்படியே போயிற்று.

போன மாதம் ஒரு மாட்டு டாக்டரம்மா பட்டறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மேட்டுப் பண்ணைகளுக்குப் போய்வர ஒரு ட்ரக் வாங்கியிருப்பதாகவும், அதன் ஸ்டீயரிங் திருப்பினால் திரும்பி வருவதில்லை என்றும், ஒரு தடவை ரோட்டில் உதறி உயிரே போய்விட்டது என்றும் சொன்னார். நான் வழக்கமான பல்லவியை ஆரம்பித்தேன்: பெரிய டயர், பழக்கம் வேண்டும், கை. அவர் என்னை முடிக்கவிடவில்லை. "தினமும் மாட்டோட மல்லுக்கட்டறவ நான். என் கையைப் பத்திப் பேசாதீங்க, வண்டியைப் பாருங்க" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன்.

நீலமாக இருந்த வண்டியைச் சாம்பல் நிறமாக்கியிருந்தார்கள். கதவுகள் வேறு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்து, விளக்கைத் திருப்பியதும் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையின் முகத்தை அடையாளம் காண்பதில் குழப்பம் வந்தாலும் வரும், தான் செய்த வேலையில் வராது. நிதானத்தின் பற்றவைப்பு, நான் வெட்டிய தகடுகள், ஆக்சிலில் நான் அடித்த எண். தம்பியின் வண்டியேதான். ஸ்டீயரிங்கில் நான் மாட்டிய டேம்பரோடு இன்னொன்றும் சேர்ந்து இரண்டாக இருந்தது. நடுவில் வைத்திருந்த எவனோ ஒருவனும் என்னைப் போலவே வைத்தியம் பார்த்திருக்கிறான்.

முதலில் என் மூளை வேறு யாரையாவது மாட்டிவிட முடியுமா என்றுதான் தேடியது. விபத்தில் வளைந்திருக்கலாம். வியாபாரி பிரித்துத் தப்பாகப் பூட்டியிருக்கலாம். ஒரு மணி நேரம் அடியிலேயே கிடந்து தேடினேன். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகளை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் தகட்டின் மேலுமாக ஒரே இழுப்பில் மஞ்சள் பெயின்ட் கோடு போடுவேன். பின்னால் எவனாவது நட்டைத் தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தவன் தப்பு என் தலையில் விழக்கூடாது என்பதற்காக நான் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன். எட்டு நட்டு, எட்டுக் கோடு. ஒன்றுகூட மயிரிழை விலகவில்லை. நான் மூடியதை நாலு வருடமாக யாரும் திறக்கவே இல்லை.

ஆக்சில் குழாய் வளைந்திருக்கிறதா என்று கம்பி கட்டிப் பார்த்தோம். வளையவில்லை. அப்புறம் இழுப்பறையிலிருந்து கருவியை எடுத்தேன். நிதானம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். நாலு டிகிரியாவது இருக்க வேண்டிய இடத்தில் அரை டிகிரி காட்டியது. மறுபக்கத்திலும் அரைதான். மூன்று தடவை அளந்தேன். நாலு வருடம் முன்பு ஒரே ஒரு தடவை அளந்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா கிட்டே வந்து, யார் இந்த வேலையைச் செய்த புண்ணியவான் என்று கேட்டார். நான்தாங்க என்றேன். அந்நியரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அப்படியானால் நீங்களே சரிசெய்யுங்கள், எங்கே தப்பு என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த முறை முழுதாகச் செய்தோம். ஆப்புகளை உருவி எறிந்தேன். ஆக்சிலை இறக்கி, இரு முனையிலும் பற்றவைப்பை அறுத்தோம். ஷாஃப்டுக்கு வேண்டிய கோணத்தில் ஆக்சிலை நிறுத்தி, முனைகளை மட்டும் பின்னால் சாய்த்துத் திருப்பி, அளந்து, மறுபடி அளந்து, நிதானம் பற்றவைத்தான். ஸ்டீயரிங் கம்பிகளின் மட்டத்தைச் சரிசெய்தேன். ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷையும் வண்டியின் கனம் சக்கரத்தில் இறங்கிய பிறகே முறுக்கினேன். இரண்டு டேம்பரையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். சரியாக நாலு நாள் ஆயிற்று, நிதானம் அன்றைக்குக் கேட்ட அதே நாலு நாள். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். முதல் வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேரே வந்து நின்றது. ஒட்டுப்போட்ட சாலையாகத் தேடிப் போய், எழுபதில் ஏற்றி இறக்கினேன். வண்டி குலுங்கியது, நேராகவே போனது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். தம்பி கேட்டது இவ்வளவுதான். இதைத்தான் இரண்டு தடவை வந்து கேட்டான்.

டாக்டரம்மா வண்டியை எடுத்துப் போன பிறகு, பட்டறையைப் பூட்டும்போது நிதானம், தம்பி வீட்டுக்குப் போகும்போது நானும் கூட வரட்டுமாண்ணே என்றான். போகிறேன் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. வேண்டாம் என்றேன். மூன்று நாள் சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லி அவள் இடுப்பு நேராகிவிடுமா, ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்றெல்லாம் எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். உண்மையான காரணம் ஒன்றுதான். இந்த உலகத்தில் என்னைக் கேள்வி கேட்காமல் நம்புகிற ஆள் அவன் ஒருவன். அவனையும் இழக்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். விபத்துக்குப் பிறகு அவர்கள் மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்துக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். அவள் கால் தட்டிவிடக்கூடாது என்று எல்லாக் கதவுகளின் கீழ்ப்படியையும் தம்பி தன் கையாலேயே செதுக்கி எடுத்துத் தரையோடு தரையாகப் பூசியிருந்தான். சமையலறையிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரில் இரும்புக் கைப்பிடி. அவள் உட்காரும் நாற்காலியின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தான். நாலு வருடம் ஒரு மனிதன் தான் செய்யாத குற்றத்துக்கு வீடு முழுக்கப் பரிகாரம் செய்து வைத்திருந்தான்.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். கண்காட்சியிலிருந்து தொடங்கி, ஆப்பு, இழுப்பறையில் கிடந்த கருவி, மஞ்சள் கோடு வரை ஒன்றையும் மென்று விழுங்காமல் சொன்னேன். தம்பி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு இருந்துச்சு?"

"அரை டிகிரி."

"எவ்வளவு இருக்கணும்?"

"நாலு டிகிரியாவது இருக்கணும்."

தலையை ஆட்டிக்கொண்டான். "அப்படின்னா உதற ஆரம்பிச்சப்புறம் யாராலயும் பிடிச்சிருக்க முடியாதா?"

"முடியாதுடா. நான் ஓட்டியிருந்தாலும் பள்ளத்துலதான் போயிருக்கும்."

அவன் கத்துவான், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான் என்று எதிர்பார்த்தேன். தள்ளினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் சட்டையை மடித்து ஜன்னலோரம் வைத்தான். பேசியது அவன் மனைவி.

"அன்னிக்கு நான் பக்கத்துலதானே மாமா இருந்தேன். ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. என் கண்ணால பார்த்தேன். ஆனா ஆஸ்பத்திரில நீங்க வண்டி கல்லு மாதிரின்னு சொன்னீங்க. சரி, நான் பார்த்ததுதான் தப்பா இருக்கும்னு விட்டுட்டேன்."

அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டகூட நான் ஒரு தடவையும் சொல்லலியே" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள். தம்பி ஸ்டூலிலிருந்து எழுந்து போய் அவளை நாற்காலியில் உட்காரவைத்தான்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். உள் அறையின் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன மாசம் பாப்பாவுக்கு ஒரு வேலை வந்துச்சுண்ணா. பாலம் கட்டற கம்பெனி. அவ படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை. எடம் எடமாப் போகணும், வண்டி ஓட்டத் தெரியணும்னு கேட்டாங்க. கத்துக்கிறேம்ப்பான்னா. நான் விடல."

ஏண்டா என்று கேட்டேன்.

"உனக்கும் என் ரத்தம்தானே, நீயும் யாரையாவது முடமாக்கிட்டு வந்து நிக்காதேன்னு சொல்லிட்டேன். ராத்திரியெல்லாம் அழுதா. அப்புறம் அதைப் பத்தி அவ பேசவே இல்ல."

இப்போது கேட்டுப் பார்க்கலாமே, அந்தக் கம்பெனியில் நான் வேண்டுமானால் போய்ப் பேசுகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். வேறு ஆள் சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றான். என் தப்பு அவனோடு நின்றுவிட்டது என்றுதான் வீட்டுக்குள் நுழையும்வரை கணக்குப் போட்டிருந்தேன்.

"நீயே அவகிட்ட சொல்லிடுண்ணா" என்றான் தம்பி. "நான் சொன்னா, என்னைச் சமாதானப்படுத்திக்கச் சொல்றேன்னு நினைப்பா. நீ சொன்னா நம்புவா."

உள்ளே பார்த்து அவளைக் கூப்பிட்டான். என் கழுத்து உயரத்துக்கு வளர்ந்த பெண், ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே வந்தாள். அம்மா அழுவதைப் பார்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன பெரியப்பா?" என்றாள். நான் எதைச் சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. அந்த நம்பிக்கையோடுதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.